சாய்வை அறியும் கருவி

மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள தன்னாமுனையில் சுவர் எழுப்பும் மேசன் ஒருவர், புதிதாக வாங்கிய ரசமட்டத்தை எவ்வாறு சோதிப்பார்? அதனைக் கல்லின்மீது வைத்துக் குமிழியைப் பார்ப்பார். பின்னர் முனைக்கு முனை திருப்பி, அதே இடத்தில் வைத்து மீண்டும் பார்ப்பார். இரு முறையும் சுவரின் ஒரே முனையை நாடிக் குமிழி சென்றால், கல் சாய்ந்திருக்கிறது. ரசமட்டத்தைத் திருப்பியதும் குமிழியும் மறுமுனைக்கு மாறினால், குற்றம் ரசமட்டத்தினுடையது.

செய்மதிகளின் துணையால் நேர்கோட்டில் செல்லும் உழவு இயந்திரத்துக்கும் இச்சோதனை இன்றியமையாதது. ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் உயரத்தில் உலவும் செய்மதிகளின் அலைகளை, இயந்திரத்தின் கூரைமீதுள்ள ஏரியல் ஏற்கின்றது. ஆயின், நேராகச் செல்ல வேண்டியது கூரையன்று; நிலத்தைக் கீறும் கலப்பையே. ஏரியல் 3 மீற்றர் உயரத்தில் இருக்குமாயின், இயந்திரம் 1 பாகை சாய்ந்தாலே அது 5 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் விலகிவிடும். இவ்விலகலைக் கணித்துத் திருத்துவதற்கே சாய்வுணரி பொருத்தப்படுகின்றது.

அவ்வுணரியே 1 பாகை பிழையாகக் காட்டினால் விளைவது யாது? இயந்திரம் என்றும் தன் இடப்புறமாகவே 5 சென்ரிமீற்றர் ஒதுங்கிச் செல்கின்றது என்று கொள்வோம். போகும்போது ஒரு பக்கமும், திரும்பி வரும்போது எதிர்ப்பக்கமும் ஒதுங்குவதால், ஓர் இடைவெளி 10 சென்ரிமீற்றர் அகலும்; அடுத்தது அவ்வளவே குறுகும். அகன்ற இடத்தில் களை முளைக்கும். குறுகிய இடத்தில் விதையும் உரமும் இருமுறை விழும். இழப்பு உழவருடையது.

இதனைத் தவிர்க்கும் முறை எளிது. இரு பக்க டயர்களிலும் காற்றுச் சரியாக உள்ளதா எனப் பார்த்து, இயந்திரத்தை உறுதியான தரையில் அசையாமல் நிறுத்தி, முதல் அளவை எடுத்தல் வேண்டும். பின்னர் இயந்திரத்தை முற்றாகத் திருப்பி, சக்கரங்கள் முன்பு நின்ற தடத்திலேயே நிறுத்தி, இரண்டாம் அளவை எடுத்தல் வேண்டும். முதலில் இடப்புறம் 3 பாகையும், பின்னர் வலப்புறம் 1 பாகையும் காட்டியதாகக் கொள்வோம். தரை மட்டுமே சாய்ந்திருந்தால் இரண்டும் சம அளவில் எதிரெதிராக இருந்திருக்கும். எனவே தரையின் சாய்வு 2 பாகை. உணரியின் பிழை இடப்புறம் 1 பாகை. ஜோன் டியர் நிறுவனத்தின் ஸ்டார்ஃபயர் கருவிக்கும் இவ்வாறு இருபுறம் நிறுத்திப் பார்க்கும் முறையே உரியது.

கருவியைக் கழற்றி வேறோர் இயந்திரத்தில் பூட்டும்போதெல்லாம் இச்சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும். விதைப்புக்கு முன் இதற்குச் செலவாகும் சில நிமிடங்கள், வயல் முழுவதும் விரயமாகும் விதையையும் உரத்தையும் காக்கும்.