ஒரே மண்ணுக்கு இரண்டு கணக்கு வருவது ஏன்?

கொழுந்து நிறுக்கிற இடத்தில் சண்டை வருவது நமக்குப் புதிதல்ல. ஈரத்துக்கு எவ்வளவு, சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று தெரியாமல் இரண்டு தராசின் கணக்கை ஒப்பிட முடியுமா? மண் பரிசோதனையும் இப்படித்தான்.

1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய நம்ம சனங்க ஏராளம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருப்பதால், "எங்க மண்ணில் ஆர்சனிக், கட்மியம் இருக்கா?" என்று அவர்கள் கேட்பது நியாயமே. நோய்க்கான காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை. அதனால்தான் அளவு சரியாக இருக்க வேண்டும்.

ஒருவர் மேல்மண்ணைச் சுரண்டி அனுப்புகிறார். பக்கத்துக் காணிக்காரர் ஒரு அடி தோண்டி அனுப்புகிறார். பொஸ்பேற்று உரத்தோடு வரும் கட்மியம் மேல்மண்ணில்தான் அதிகம் தங்கும். ஆகவே முதலாமவர் மண் 'கெட்ட மண்' ஆகிவிடும்! ஆய்வுகூடத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. கடும் அமிலத்தில் கரைத்தால் மணலுக்குள் பூட்டிக் கிடக்கும் உலோகமும் பெருமளவு வெளியே வரும். மென்மையான கரைசல் வேருக்குக் கிடைக்கக்கூடியதை மட்டும் எடுக்கும். இரண்டும் சரி. ஆனால் ஒன்றோடு ஒன்று ஒப்பிடக் கூடாது.

2008இல் ஐரோப்பாவில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து பயிர்நில மண்ணை ஆராய்ந்தபோது, எல்லா நாட்டுக்கும் ஒரே விதி வைத்தார்கள். பயிர்நிலத்தில் 20 சென்ரிமீற்றர் ஆழம், ஓரிடத்துக்கு 5 குழி, 2 மில்லிமீற்றர் சல்லடை. மண் முழுவதையும் ஸ்லோவாக்கியாவில் ஒரே ஆய்வுகூடத்தில் காயவைத்துச் சலித்தார்கள். அளவு ஏற்கனவே தெரிந்த மண்ணையும் இடையிடையே கலந்து வைத்துச் சரிபார்ப்பது இத்தகைய ஆய்வுகளில் வழக்கம். தராசுக்குப் படிக்கல் வைத்துப் பார்க்கிற மாதிரி.

நீங்கள் மண் அனுப்பும்போது காணிக்குள் வளைந்து வளைந்து நடந்து 10, 15 இடத்தில் ஆறு அங்குலம் வரை ஒரே அளவாக வெட்டுங்கள். வரம்பு, எருக்குவியல், புதிதாக உரம் போட்ட இடம் வேண்டாம். பிளாஸ்டிக் பேசினில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ எடுங்கள். சிங்க் பூச்சுள்ள தகர வாளியோ உரச்சாக்கோ கூடவே கூடாது. உலோகம் பார்க்கத்தான் அனுப்புகிறீர்கள் என்றால் எந்த ஆழம் வேண்டும் என்று ஆய்வுகூடத்தில் முதலிலேயே கேளுங்கள். பையில் காணியின் பெயர், ஆழம், திகதி, கடைசியாக என்ன உரம் போட்டது என்று எழுதுங்கள். முடிவு கைக்கு வந்ததும், எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேட்டு அதையும் அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள்.