நமக்குப் பின் கணக்குக் காட்டுவார் யார்?

எவ்வளவு நல்லவராயினும் ஒருவரிடம் மட்டும் சங்கத்தின் பணத்தை ஒப்புவித்துவிட்டு நாம் வாளாவிருப்பதில்லை. காரியதரிசி எழுதிய கணக்கை நிர்வாகக் குழு பார்க்கிறது, தணிக்கையாளர் சரிபார்க்கிறார். ஆனால், தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ள இயலாத மகனோ மகளோ வீட்டில் இருப்பின், “எனக்குப் பின் அண்ணன் பார்த்துக்கொள்வான்” என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறோம். அண்ணனுடைய அன்பை நாம் ஐயுறவில்லை. அவன் நோயுற்றாலோ கடன்பட்டாலோ அச்சொல்லைக் காப்பவர் யார் என்பதே கேள்வி.

18 வயது நிரம்பியதும் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் உரிமை சட்டப்படி முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னும் துணை வேண்டுவோருக்கெனவே 1999-ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் அது பொருந்தும். கலெக்டர் அங்கம் வகிக்கும் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ மனுச் செய்து காப்பாளரை நியமிக்கக் கோரலாம். அக்காப்பாளர் 6 மாதத்திற்குள் சொத்துக்களின் பட்டியலையும், நிதியாண்டு முடிந்து 3 மாதத்திற்குள் வரவு செலவுக் கணக்கையும் கொடுத்தாக வேண்டும். சொத்தைக் கையாடினால் அவரை நீக்குமாறும் மனுச் செய்யலாம். நம் சங்கங்களின் முறையும் இதுவேயன்றோ!

எந்த மாவட்டத்தில் மனுக் கொடுப்பது என்பதையும் கவனித்தல் வேண்டும். கொட்டிவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோதும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தது; 2018-இல்தான் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. ஆகவே அவ்வூரார் இன்று நாட வேண்டியது சென்னை மாவட்டக் குழுவையே. அவ்வூருக்கு வடக்கே, 1985-இல் தோன்றிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் தொண்டாற்றி வருகிறது. அதனை நிறுவிய பூனம் நடராஜன் பின்னர் தேசிய அறக்கட்டளைக்கே தலைவராக விளங்கினார்.

இனிப் பணத்தைப் பற்றிக் கூறுவோம். மாதச் செலவு 8,000 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுக்கு 96,000 ரூபாய் ஆகும். 6 சதவீத வட்டியில் இது கிடைக்க 16 லட்சம் ரூபாய் முதல் வேண்டும். விலைவாசி ஏறுமாதலால் வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவரவும் வேண்டும். ஒரே நாளில் இத்தொகை சேராது. தறிக்கூலி வரும் வாரத்திலும் அறுவடைப் பணம் வரும் மாதத்திலும் சிறிது சிறிதாக ஒதுக்கிவரின் பாரம் குறையும்.

வைப்புத் தொகைக்கு நியமனதாரர் பெயரை எழுதிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். வங்கி வைப்பைப் பொறுத்தவரை, நியமனதாரர் பணத்தைப் பெறும் உரிமை உடையவரேயன்றி அதன் உடைமையாளர் அல்லர் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகையால், பணம் யாருக்காக, எதற்காக என்பதை உயிலிலோ, 1882-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கும் குடும்ப அறக்கட்டளைப் பத்திரத்திலோ வழக்கறிஞரைக் கொண்டு தெளிவாக எழுதுவித்தல் நலம்.

அங்கத்தினர்களே! குழந்தையோடு வாழ்பவர் யார், பணத்தை வைத்திருப்பவர் யார், கணக்கைப் பார்ப்பவர் யார் என்ற மூன்றையும் இம்மாதமே எழுதிவையுங்கள். எழுதுமுன் அக்குழந்தையின் விருப்பத்தையும் கேளுங்கள். மூன்று பொறுப்பையும் ஒருவர் தலையிலேயே சுமத்த வேண்டாம்.