பாதி முடிந்த துப்பாக்கி, முழுதாய்ப் பாயும் சட்டம்

சன்னலுக்கும் சட்டம் உண்டு. நாட்டுக்கும் சட்டம் உண்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அமெரிக்காவில் சில ஆண்டுகளாக இந்த இரண்டு சட்டங்களும் மோதிக்கொண்டன. ஒரு கைத்துப்பாக்கியின் சட்டகம் எந்தக் கட்டத்தில் துப்பாக்கி ஆகிறது? இந்தக் கேள்வி அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச் 26ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்ல எண்ணும் மாணவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. சட்டம் படிக்க விரும்புவோருக்கோ ஒரு சொல்லின் பொருள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கான நல்ல பாடம்.

சட்டகம் என்றால் என்ன?

கைத்துப்பாக்கியில் குழல், விசை, தோட்டா உறை எனப் பல பாகங்கள் உண்டு. அவற்றைத் தாங்கி நிற்கும் உடல்தான் சட்டகம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், முழுத் துப்பாக்கியை மட்டுமல்ல, சட்டகத்தைத் தனியாகவும் ‘துப்பாக்கி’ என்றே கொள்கிறது. எனவே அதை விற்கும் வணிகருக்கு உரிமம் வேண்டும். சட்டகத்தில் தொடர் எண் பொறித்திருக்க வேண்டும். வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். விற்பனை விவரத்தைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

சில நிறுவனங்கள் இதில் ஓர் இடுக்கைக் கண்டன. கடைசிச் சில வேலைகளை மட்டும் பாக்கி வைத்துச் சட்டகத்தை விற்றன. “இது இன்னும் சட்டகமே ஆகவில்லை, ஆகவே துப்பாக்கிச் சட்டம் இதற்குப் பொருந்தாது” என்பது அவர்கள் வாதம். ‘80 விழுக்காடு’ என்று சந்தையில் அதற்குப் பெயரும் வந்தது. அந்த 80 என்ற எண் கூட்டரசுச் சட்டத்தில் எங்கும் இல்லை. அது விற்பவர்கள் வைத்த பெயர்.

இப்படி வாங்கி முடிக்கப்பட்ட துப்பாக்கிக்குத் தொடர் எண் இல்லை. குற்றம் நடந்த இடத்தில் அது கிடைத்தால், யார் விற்றார், யார் வாங்கினார் என்று தேட வழியில்லை. அதனால்தான் ‘பேய்த் துப்பாக்கி’ என்ற பெயர். 2017ஆம் ஆண்டில் இத்தகைய ஏறக்குறைய 1,600 துப்பாக்கிகளின் மூலத்தைத் தேடித் தரும்படி காவல் அமைப்புகள் கூட்டரசிடம் கேட்டன. 2021ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 19,000ஐத் தாண்டியது.

முட்டையும் வெங்காயமும்

2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் துப்பாக்கி, வெடிபொருள் பணியகமான ஏடிஎஃப் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய பாகங்களின் தொகுப்பும், எளிதில் முடிக்கக்கூடிய அரைகுறைச் சட்டகமும் துப்பாக்கியாகவே கருதப்படும் என்றது அந்த விதி. அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி வணிகர்களுக்கு எழுதிய திறந்த மடலில், பாலிமர்80 போன்ற சில வகைக் கைத்துப்பாக்கிச் சட்டகங்கள் தனியாக விற்கப்பட்டாலும் துப்பாக்கியே என்று பணியகம் தெளிவுபடுத்தியது.

இந்த விதியை எதிர்த்து உற்பத்தியாளர்களும் துப்பாக்கி ஆர்வலர்களும் வழக்குத் தொடுத்தனர். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதம், சமையலறைப் பேச்சைப் போல் இருந்தது. முட்டை, வெங்காயம், இறைச்சித் துண்டுகள் மேசைமேல் இருந்தால் அதை ஆம்லெட் என்று சொல்வீர்களா என்று கேட்டார் நீதிபதி அலிட்டோ. எல்லாப் பொருள்களும் அளந்து ஒரே பெட்டியில் வந்தால் அப்போதும் அதே பதில்தானா என்று கேட்டார் நீதிபதி பேரட். வழக்கின் உயிர்நாடி அந்த இரண்டு கேள்விகளுக்கு இடையில்தான் இருந்தது.

7க்கு 2 என்ற பெரும்பான்மையில் விதி செல்லும் என்று தீர்ப்பானது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோர்சச். எழுதி முடிக்காத கையெழுத்துப் படியையும் நாம் நாவல் என்றுதான் சொல்கிறோம். ஐகியாவில் வாங்கி இன்னும் பூட்டாத பலகைகளையும் மேசை என்றுதான் சொல்கிறோம் என்று அவர் விளக்கினார். டாமன்சாராவிலோ தெம்பனிசிலோ அந்தக் கடைக்குப் போய் வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கி வைக்கும் வெற்று வெடித் துப்பாக்கியைக்கூட 1968ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அதைக் கொல்லும் ஆயுதமாக மாற்றவும் சிறிது வேலை செய்யத்தானே வேண்டும்?

மாற்றுக் கருத்தும் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. சட்டத்தின் வரம்பை விரிக்கும் உரிமை மக்கள் மன்றங்களுக்கே உரியது, ஓர் அரசுப் பணியகம் அதைத் தானே செய்யக்கூடாது என்பது நீதிபதி தாமஸின் நிலை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா அரைகுறைச் சட்டகங்களும் துப்பாக்கியே என்று நீதிமன்றம் சொல்லவில்லை. விதியை முழுதாகத் தள்ளிவிட முடியாது என்றுதான் சொன்னது. ஏதாவது ஒரு பொருள் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற வழக்கு இனியும் வரலாம். “இது சட்டப்படி சரி” என்று விற்பவர் சொல்லும் வார்த்தை வாங்குபவரைக் காக்காது.

யார் கையில், எந்த ஊரில்?

பொருள் மட்டும் முக்கியமல்ல. அது யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்கக் குடிமகன் ஒருவர் தம் சொந்தப் பயனுக்குத் துப்பாக்கி செய்துகொள்ளக் கூட்டரசுச் சட்டம் பொதுவாக இடம் தருகிறது. ஆனால் கலிபோர்னியா, நியூ ஜெர்சி, கொலராடோ போன்ற மாநிலங்கள் தொடர் எண் இல்லாத சட்டகங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்துள்ளன. மாநில எல்லையைக் கடந்தால், அதே பெட்டி குற்றப் பொருளாகிவிடலாம்.

மாணவர் விசாவில் இருப்பவரின் நிலை இன்னும் கடினம். தற்காலிக விசாவில் வந்தவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். துப்பாக்கியின் பாகம் தொடர்பான குற்றத்திற்குத் தண்டனை பெற்றாலும் நாடு கடத்தக் குடிநுழைவுச் சட்டம் வழி செய்கிறது. அறைத் தோழர் இணையத்தில் வாங்கிய பெட்டியை நம் பெயரில் பெற்றுக்கொள்வதும், நம் அலமாரியில் வைத்துக்கொள்வதும் சிறு உதவியாகத் தோன்றலாம். அந்த உதவி படிப்பையே முடித்துவிடக்கூடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஐக்கிய அரபு சிற்றரசுகளிலிருந்து புளோரிடாவுக்குப் படிக்கச் சென்ற ஒரு மாணவர், தேர்ச்சி குறைந்ததால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். அதனால் அவர் விசா நிலையும் போயிற்று. அதன் பிறகு ஒரு பயிற்சிக் கூடத்தில் துப்பாக்கி சுட்டார். அவருக்கு 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. தம் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயம் கேட்டு அவர் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

நம் நாடுகளில்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த வாதத்துக்கே இடமில்லை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதத்தின் பாகத்தையும் ஆயுதமாகவே கொள்கிறது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுக் கடுந்தண்டனைச் சட்டத்தின்கீழ் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. சிங்கப்பூரில் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. 2021ஆம் ஆண்டு சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இன்னும் ஒரு படி முன்னே போகிறது. துப்பாக்கி செய்வதற்கான மின்னியல் வரைபடத்தை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம் என்கிறது அது. முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் பள்ளிக்கூடங்களுக்கே வந்துவிட்ட காலம் இது. விளையாட்டாகப் பதிவிறக்கிய கோப்பு என்ற சமாதானம் அங்கே உதவாது.

விதை மரமல்ல என்று வாதிடலாம். ஆனால் தோட்டத்துக்குச் சொந்தக்காரர், நட்டது என்ன விதை என்று கேட்காமல் விடமாட்டார். துப்பாக்கி விஷயத்தில் சட்டமும் அப்படித்தான் கேட்கிறது. இணையத்தில் ‘பாதி முடிந்தது’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால், மீதிப் பாதி எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.