எண்ணெய்க் கிண்ணமும் மடிப்புத் தாளும்

பழைய டிராக்டர் ஓட்டியவர்களுக்கு 'ஆயில் பாத்' தெரியாமல் இருக்காது. இன்ஜின் பக்கத்தில் ஒரு தகர டப்பா. அதன் அடியில் கிளிப் போட்டு மாட்டிய கிண்ணம். கிண்ணத்தில் குறியளவுக்கு இன்ஜின் ஆயில். இன்ஜின் இழுக்கும் காற்று நடுக்குழாய் வழியாக வேகமாக இறங்கி, எண்ணெய்க்கு மேலே சட்டென்று திரும்பி ஏறும். காற்று திரும்பிவிடும், கனத்த மண்துகளால் முடியாது, நேரே எண்ணெயில் போய் விழும். வளைவில் பஸ் திரும்பும்போது கம்பியைப் பிடிக்காதவர் சாய்வாரே, அதே கணக்கு. தப்பியது மேலே எண்ணெயில் நனைந்த கம்பிவலையில் ஒட்டும். புழுதி உழவு நாட்களில் சாயங்காலம் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் கெட்டிச் சேறு. டீசலில் அலசிப் புது ஆயில் ஊற்றினால் போதும், கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் பொடித்தூசிக்குக் கனம் ஏது? அது காற்றோடு சேர்ந்து வளைந்து போய்விடும். ஐடிலில் ஓடும்போது இன்னும் மோசம்.

இப்போது அந்த இடத்தில் மடித்த தாள் ஃபில்டர். இதைச் சல்லடை என்றே பலரும் நினைக்கிறார்கள். இழைகளுக்கு இடையிலுள்ள சந்து, பிடிபடும் தூசியைவிடப் பல நேரம் பெரியது! பெரிய துகள் இழையில் மோதி நிற்கிறது; அடுத்தது இழையை உரசிப் போகையில் ஒட்டிக்கொள்கிறது; மிக நுண்ணியதைக் காற்றின் மூலக்கூறுகளே இடித்துத் தள்ள, ஈசல் போல அலைந்து ஏதோ ஓர் இழையில் முட்டிக்கொள்கிறது. ஆகவே மிகச் சிறியதைப் பிடிப்பது சுலபம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் கள்ளன். 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியை அடக்கப் பிறந்த ஹெப்பா ஃபில்டருக்கு அங்கே இன்றும் அளவுகோல் அந்தக் கள்ளன்தான்: 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிபட வேண்டும்.

கொரோனாவில் நாம் மாட்டிய என்95 முகக்கவசத்தில் இன்னொரு தந்திரம். இழைகளிலேயே மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல அவை தூசியை இழுக்கும். சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்ட வீடுகளில் அந்த மின்னூட்டமும் சோப்புத் தண்ணீரோடு போயிற்று.

டிராக்டர் தாளுக்கு வேறு வகைச் சோதனை. கொஞ்சம் தூசி படிந்த தாள் புதியதைவிட நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசியே இன்னொரு வடிகட்டி. வெளிப்பக்கமிருந்து ஏர் கன் வைத்துப் பளிச்சென்று ஆக்குபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். தூசி உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்.