கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில், புடவைக்கடைக் குமாஸ்தாவின் சம்பளம் போதாமல், கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்ட வீடு ஒன்று இருந்தது. பின்னாளில் கணித மேதையான ராமானுஜன்தான் அந்த வீட்டுப் பையன். அந்த மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் சின்ன வயதிலேயே கேட்டுத் தீர்த்துவிட்டான். பிறகு லோனியின் திரிகோணமிதிப் புத்தகம் கைக்கு வந்தது. 1903 வாக்கில் கார் என்பவரின் கணிதத் தொகுப்பு. அம்மா கோமளத்தம்மாளுக்கு இதெல்லாம் புரிந்திருக்காது. புரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. கேட்பதற்கு வீட்டிலேயே வேறு ஆள் இருந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கணக்கைத் தவிர வேறெதையும் தொடாத அதே பையன் உதவித்தொகையை இழந்தான், கல்லூரி எஃப்.ஏ. தேர்வில் கடைசிவரை தேறவேயில்லை. அவனை என்ன செய்வதென்று எந்தக் கல்லூரிக்கும் தெரியவில்லை.

நம் அப்பா, தாத்தா காலத்திலும் கேள்வி கேட்கும் பிள்ளைக்குக் கிடைத்த பட்டம் 'அதிகப்பிரசங்கி'. பெண்ணாக இருந்தால் 'வாயாடி'. அதோடு அடுப்படி வேலை ஒன்றும் கூடச் சேரும். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் டபுள் புரமோஷன். எட்டு வயதுப் பொடியனைப் பத்து வயதுக்காரர்கள் நடுவே உட்காரவைத்தார்கள். பாடம் சமாளித்துவிடுவான், பம்பரம் விடும் சண்டையில் அடி வாங்குவான்.

ஆனால் வீடு விரட்டினால் தெரு இருந்தது. ரேடியோ ரிப்பேர்க் கடையில் பேசாமல் நின்று பார்க்கலாம். கடிகாரக்காரர் மனம் வந்தால் பழைய சக்கரம் ஒன்றைக் கையில் கொடுப்பார். நூலகத்தில் பெரியசாமித் தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள். நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் மலிவு விலைக்கு சோவியத் அறிவியல் நூல்கள். ஒரு பிள்ளையின் கேள்விகளைப் பத்துப் பேர் பங்குபோட்டுக்கொண்டார்கள், அப்படிச் செய்கிறோம் என்று தெரியாமலே.

இன்று அத்தனை கேள்வியும் அம்மா, அப்பா இருவர் தலையில். அலுவலகம் முடிந்து வந்து தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஏழு வயது கேட்கிறது: "இவ்ளோ நட்சத்திரம் இருக்கே, அப்புறம் ஏம்மா ராத்திரி கறுப்பா இருக்கு?" லேசான கேள்வி இல்லை. வானியலாளர்களையே நூற்றாண்டுக் கணக்கில் குழப்பியது. பிரபஞ்சத்துக்கு ஒரு வயது உண்டு, வெகு தொலைவின் ஒளி இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை என்பது விடையின் முக்கியப் பகுதி. போனைக் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடும். பிள்ளையும் அரை நிமிடத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடும். சேர்ந்து மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்க போனுக்குக் கால் இல்லை.

அன்று அடக்கினோம், இன்று காசாக்கப் பார்க்கிறோம். கொஞ்சம் கூர்மை தெரிந்தால் அபாகஸ், ரோபோடிக்ஸ், ஒலிம்பியாட்; ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி ஃபவுண்டேஷன். சொந்தமாக ஒன்றைக் கேட்டு யோசிக்க அந்தப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம்கூட மிச்சமில்லை. இன்னொன்று அன்றும் இன்றும் மாறவில்லை: கருந்துளை பற்றிப் பேசும் பிள்ளை பென்சில் தொலைந்ததற்கு அழுதால், "இவ்ளோ தெரியுது, இதுக்குப் போய் அழுவியா?" என்கிறோம். மூளைக்குப் பன்னிரண்டு வயது என்றாலும் மனசுக்கு ஏழுதான்.

நல்லதும் நடந்திருக்கிறது. பெண்பிள்ளை கேள்வி கேட்டால் பெருமைப்படும் வீடுகள் பெருகியிருக்கின்றன. என் கணக்கில் இதுதான் பெரிய மாற்றம். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும் மதுரை கலைஞர் நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு வானவில் மன்றம் வழியாக அறிவியல் சோதனைகள் செய்துகாட்டுகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987இலிருந்து வருகிறது.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிள்ளை இருந்தால், அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டுமுன் பக்கத்தில் விசாரியுங்கள். மிக்ஸி மெக்கானிக், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தாவரவியல் படிக்கும் மாடிவீட்டு அக்கா என்று யாராவது இருப்பார்கள். வாரம் ஒரு மணி நேரம் பிள்ளையை அங்கே கூட்டிப்போங்கள். நீங்கள் பதில் சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும்.