மண் இல்லாத வீட்டிலும் புதினா: ஒரு வாளியில் தொடங்குவோம்



சில மாதங்களுக்கு முன் வட்டியில்லாக் கடன் கேட்டு ஒரு சகோதரி நம் அறக்கட்டளைக்கு வந்தார். மொட்டை மாடியில் குழாய்களும் மோட்டாரும் பொருத்தி, 'ஹைட்ரோபோனிக்ஸ்' முறையில் கீரை வளர்த்து விற்கப் போவதாகச் சொன்னார். கையில் இருப்பது போதாது, மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கடனை மறுக்கவில்லை. "முதலில் ஒரு வாளியில் வளர்த்துப் பாருங்கள், இரண்டு மாதம் கழித்துப் பேசுவோம்" என்றோம். அந்த இரண்டு மாதத்தில் அவரும் நாங்களும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

இது என்ன முறை?

மண் செடிக்குச் செய்யும் வேலை மூன்று. சாயாமல் பிடித்து நிறுத்துகிறது. தண்ணீரையும் சத்தையும் தருகிறது. வேருக்குக் காற்று கிடைக்க இடைவெளி விடுகிறது. இந்த மூன்றையும் வேறு வழியில் கொடுத்துவிட்டால் மண் தேவையில்லை. இதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை 1937ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1940களிலேயே வங்காளத்தின் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், விலை உயர்ந்த கருவிகள் இல்லாமல் எளியவர்களும் செய்யக்கூடிய முறையைத் தேடிச் சோதனைகள் நடத்தினார். பிற்காலத்தில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி, மோட்டாரும் மின்சாரமும் வேண்டாத முறையைப் பரப்பினார். நாம் தொடங்க வேண்டியது இதில்தான்.

ஏன் புதினா?

படங்களில் பெரும்பாலும் லெட்டூஸ் கீரையைத்தான் காட்டுவார்கள். நம் வீட்டுச் சமையலில் அதற்கு என்ன வேலை? பிரியாணிக்கும், துவையலுக்கும், ரமலானில் நோன்புக் கஞ்சிக்கும் புதினா வேண்டும். கடையில் வாங்கும் கட்டிலேயே நாற்றும் இருக்கிறது. தடித்த தண்டுகளைப் பொறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். கொடிப்பசலைத் தண்டும் இப்படியே வேர் பிடிக்கும்.

செய்முறை

1. மூடியுள்ள 10 லிட்டர் வாளி ஒன்று போதும். சமையல் எண்ணெய், மாவு போன்ற உணவுப் பொருள் வந்ததாக இருக்கட்டும். நம் ஊரில் சாய டப்பாக்கள் எளிதில் கிடைக்கும். எவ்வளவு கழுவினாலும் அவை வேண்டாம்.

2. வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். வாளிக்கு முதலில் கறுப்பும், அதன் மேல் வெள்ளையும் வெளிப்புறத்தில் பூசுங்கள். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும். வெள்ளை சூட்டைக் குறைக்கும்.

3. மூடியில் மூன்று ஓட்டை போட்டு, அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட சிறு பிளாஸ்டிக் கப்புகளைப் பொருத்துங்கள். வேர்விட்ட தண்டைத் தேங்காய் நார்த் துண்டால் அல்லது ஸ்பாஞ்சால் சுற்றி அதில் நிறுத்துங்கள்.

4. கப்பின் அடி மட்டும் நனையும் அளவுக்குச் சத்து கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். தினமும் நான்கைந்து மணி நேரம் காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். தறியும் பாவும் இருக்கும் வீடுகளில் அவற்றின் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

சகோதரி செய்த தவறு

அவருடைய முதல் வாளியில் செடிகள் மூன்றே வாரத்தில் வாடி, வேர் பழுப்பாகி அழுகிவிட்டது. தண்ணீர் குறையக் குறைய அக்கறையோடு தினமும் கழுத்து வரை நிரப்பியிருந்தார். அதுதான் தவறு. செடி தண்ணீரைக் குடிக்கும்போது மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாகிறது. அங்கே தொங்கும் வேர்கள் காற்றை இழுக்கப் பழகிக்கொள்கின்றன. அந்த வேர்களை மறுபடி மூழ்கடித்தால் செடிக்கு மூச்சு முட்டும். எனவே பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு, பாதி வாளி வரை மட்டும் ஊற்றுங்கள். மேல் பாதி காற்றுக்கு உரியது.

தண்ணீரும் சத்தும்

பட்டுக்குச் சாயம் தோய்ப்பவர்களுக்குத் தெரியும்: தண்ணீரின் தன்மை மாறினால் நிறம் மாறும். இங்கும் அப்படியே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரால் போர் தண்ணீரைச் சோதியுங்கள். 300க்குள் இருந்தால் நல்லது. 500க்கு மேல் போனால் மழைநீரைக் கலந்து குறைக்கலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரில் உப்பு கூடுதல். அதைப் பயன்படுத்தாதீர்கள். கலந்த நீரின் புளிப்பு அளவான பிஹெச் 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும்.

கடையில் ஹைட்ரோபோனிக்ஸ் சத்து 'ஏ', 'பி' என இரண்டாக வரும். ஒன்றில் கால்சியம், மற்றொன்றில் பாஸ்பேட், சல்பேட் உப்புகள். கெட்டியாக இருக்கும்போது இரண்டையும் சேர்த்தால் சுண்ணாம்பு போல அடியில் படிந்து வீணாகும். முதலில் ஒன்றை வாளித் தண்ணீரில் கரைத்து, பிறகு மற்றதை ஊற்றுங்கள். முதல் வாரம் பாதி அளவு போதும். 19:19:19 உரம் மட்டும் போட்டால் போதாது. அதில் கால்சியம் இல்லை.

கொசு, வெயில்

தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். கப்பைச் சுற்றி இடைவெளி இருந்தால் ஸ்பாஞ்சால் அடையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் அலட்சியம் கூடாது.

சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் அதிலுள்ள பிராணவாயு குறைந்து வேர் அழுகும். ஐப்பசி முதல் மாசி வரை தொடங்குவது நல்லது. கோடையில் பச்சை நிழல்வலை கட்டுங்கள்.

கடன் வாங்கலாமா?

வீட்டுத் தேவைக்கு என்றால் கடனே தேவையில்லை. விற்பனைக்கு என்றால், இறங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வாரந்தோறும் வாங்குபவர் யார்? மின்சாரம் நின்றால் மோட்டார் முறையில் செடிகள் சில மணி நேரத்திலேயே வாடலாம், அதற்கு என்ன ஏற்பாடு? 'விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று சொல்பவர், விலையோடும் காலத்தோடும் எழுதிக் கையெழுத்துப் போடுவாரா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும் வரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும். தக்காளி, கத்தரி வளர்க்க விரும்புவோருக்கு மண்ணும் தேங்காய் நார்க் கழிவும் நிரப்பிய பைகளே எளிது. மாடித்தோட்டத் தளைகள் மானியத்தில் கிடைக்குமா என்று வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

அந்தச் சகோதரியின் இரண்டாவது வாளி நன்றாக வந்தது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது மூன்று வாளிகள் வைத்திருக்கிறார். தம் வீட்டுத் தேவை போக, பக்கத்து வீட்டுக்கும் கிள்ளிக் கொடுக்கிறார். கடன் விண்ணப்பத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். "விற்கும் யோசனையை விடவில்லை. ஒரு கோடையைத் தாண்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். அப்போது அவர் வந்தால், இன்ஷா அல்லாஹ், நாங்கள் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.