பூஜ்யம் தவறினால் பிஸ்டனும் தவறும்: ‘போர் கேஜ்’ கருவியை நம்புவது எப்படி?

பிடோக் ஈரச்சந்தையில் அரைக் கிலோ மீன் வாங்குவோர் தராசைச் சந்தேகத்துடன் பார்ப்பதில்லை. வணிகத்துக்குப் பயன்படும் தராசுகள் சோதிக்கப்பட்டு, அதற்கான வில்லை ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். எடை, அளவை அலுவலகம் அதைக் கவனித்துக்கொள்கிறது.

அதே பிடோக் வட்டாரத்துக்குள் வரும் காக்கி புக்கிட்டில் மோட்டார் பட்டறைகள் நிறைய உண்டு. எஞ்சின் சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்க இத்தகைய பட்டறைகளில் பயன்படும் ‘டயல் போர் கேஜ்’ கருவிக்கு அப்படியொரு வில்லை கட்டாயமில்லை. முள் காட்டும் எண் சரிதானா என்பதை அதைக் கையில் வைத்திருப்பவர்தான் உறுதிசெய்ய வேண்டும்.

மோட்டார்சைக்கிளுக்கான வாகன உரிமைச் சான்றிதழ்க் கட்டணம் 2022ஆம் ஆண்டில் முதன்முறையாக 10,000 வெள்ளியைத் தாண்டியது. புது வண்டி வாங்குவதைவிட இருக்கும் வண்டியின் எஞ்சினைச் சரிசெய்து ஓட்டுவதே மேல் என்று நினைப்போருக்கு இந்தக் கருவியின் துல்லியம் பணத்தோடும் பாதுகாப்போடும் தொடர்புடையது.

தலைமுடியைவிடச் சிறிய இடைவெளி

சிறிய மோட்டார்சைக்கிள் எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே பெரும்பாலும் 0.01 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான் இடைவெளி இருக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர்.

இடைவெளி கூடினால் எஞ்சின் எண்ணெய் எரிந்து நீலப் புகை வரும், இழுவை குறையும். குறைந்தால் அதைவிட ஆபத்து. சூட்டில் விரியும் பிஸ்டன் சுவரில் கவ்விக்கொள்ளும். தீவு விரைவுச்சாலையில் வேகமாகப் போகும்போது அப்படி நடந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும்.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ‘ரீபோர்’ வேலைக்குப் பிறகு 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய ‘ஓவர்சைஸ்’ பிஸ்டன் போடுவது வழக்கம். கடைந்த அளவு 0.02 மில்லிமீட்டர் பிசகினாலும் போதும், புது பிஸ்டன் வீணாகும்.

அளப்பதில்லை, ஒப்பிடுகிறது

வெர்னியர், மைக்ரோமீட்டர் ஆகியவை அளவை நேராகச் சொல்லும். போர் கேஜ் அப்படியல்ல. தெரிந்த ஓர் அளவைவிடத் துளை எவ்வளவு பெரிது அல்லது சிறிது என்பதை மட்டுமே அது காட்டும். தெரிந்த அளவு தவறாக இருந்தால் பிறகு எடுக்கும் எல்லா அளவும் அதே அளவுக்குத் தவறும். முள் எவ்வளவு அழகாக நின்றாலும் பயனில்லை.

கருவியின் அடியில் உள்ள தலையில் ஒரு பக்கம் மாற்றிப் பொருத்தக்கூடிய கம்பி இருக்கும். மறுபக்கம் உள்ளே அமுங்கும் முனை. அந்த முனையின் அசைவு கைப்பிடி வழியாக மேலே உள்ள டயலுக்குப் போகிறது. பக்கவாட்டில் விலகாமல் துளையின் நடுவில் நிற்க, தலையிலுள்ள வழிகாட்டித் தகடு உதவுகிறது.

‘ஜீரோ செட்’ செய்யும் முறை

உதாரணத்துக்கு 54 மில்லிமீட்டர் சிலிண்டரை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சிலிண்டர், கருவி, செட்டிங் ரிங் ஆகிய மூன்றையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் இல்லாமல் துடைக்க வேண்டும். 0.01 மில்லிமீட்டர் தூசு, டயலில் ஒரு கோடு.

அடுத்து வெர்னியரால் துளையை உத்தேசமாக அளந்து, கம்பியையும் வாஷரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அமுக்காத நிலையில் தலையின் மொத்த நீளம் துளையைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பது நல்லது. அப்போதுதான் முனை இரு திசையிலும் அசைய இடம் இருக்கும்.

டயலைக் கைப்பிடிக்குள் செருகும்போது, முள் அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்று வரை நகரும்படி அமுக்கி, திருகை இறுக்க வேண்டும். இந்த முன்னழுத்தம் இல்லாவிட்டால் துளை சற்றுப் பெரிதானதும் முள் வேலை செய்யாது.

இப்போது பூஜ்யம் வைக்கும் கட்டம். 54.00 மில்லிமீட்டர் செட்டிங் ரிங்குக்குள் கருவியை நுழைத்து, கைப்பிடியை முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்ட வேண்டும். முள் ஒரு பக்கம் போய், ஓரிடத்தில் நின்று, திரும்பி வரும். அந்தத் திரும்பும் இடம்தான் உண்மையான விட்டம். கருவி சாய்ந்திருக்கும்போது தூரம் கூடுதலாகவே தெரியும். டயலின் விளிம்பைச் சுழற்றித் திரும்பும் இடத்தில் பூஜ்யத்தைக் கொண்டுவர வேண்டும்.

ஒருமுறை போதாது. கருவியை வெளியே எடுத்து மீண்டும் இரண்டு மூன்று முறை நுழைத்துப் பார்க்க வேண்டும். முள் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்கே திரும்பினால் வேலையைத் தொடங்கலாம். இல்லாவிட்டால் கம்பி தளர்ந்திருக்கலாம், முனை தேய்ந்திருக்கலாம்.

ரிங் இல்லாத பட்டறைகளில் மைக்ரோமீட்டரை 54.00ல் பூட்டி, அதன் இரு முனைகளுக்கு இடையே பூஜ்யம் வைப்பார்கள். அது தவறான முறையல்ல. ஆனால் மைக்ரோமீட்டரில் உள்ள பிழை அப்படியே போர் கேஜுக்கும் வந்துவிடும். அதனால் 50 - 75 மில்லிமீட்டர் மைக்ரோமீட்டரை அதனுடன் வரும் 50 மில்லிமீட்டர் அளவுக்கம்பியில் வைத்து முதலில் சரிபார்ப்பது அவசியம்.

முள் சொல்லும் சேதி

முள் பூஜ்யத்திலிருந்து வலஞ்சுழியாகப் போனால் துளை சிறிது; இடஞ்சுழியாகப் போனால் பெரிது. புதிதாகக் கற்போர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது.

சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் செங்குத்தான இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும். மொத்தம் ஆறு அளவுகள். ஒரே உயரத்தில் ஒரு திசையில் 54.06, மற்றொரு திசையில் 54.03 என்றால் துளை 0.03 மில்லிமீட்டர் நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளது. ஒரே திசையில் மேலே 54.06, கீழே 54.01 என்றால் 0.05 மில்லிமீட்டர் கூம்பலாக உள்ளது. தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள வரம்புடன் ஒப்பிட்டுத்தான் ரீபோர் தேவையா என்று முடிவுசெய்ய வேண்டும்.

வெப்பம் எனும் கண்ணுக்குத் தெரியாத பிழை

நீளங்களுக்கான அனைத்துலகக் குறிப்பு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். குளிரூட்டி இல்லாத சிங்கப்பூர்ப் பட்டறையில் 31 டிகிரி சாதாரணம்.

எஃகு ரிங்கும் வார்ப்பிரும்புச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பிழை பெரிதாக இராது. கடைந்த கையோடு, 10 டிகிரி கூடுதல் சூட்டில் உள்ள 54 மில்லிமீட்டர் சிலிண்டரை அளந்தால் அது ஏறக்குறைய 0.006 மில்லிமீட்டர் பெரிதாகத் தெரியும். அலுமினியம் எஃகைவிட இரு மடங்கு விரியும் என்பதால் அலுமினியச் சிலிண்டரில் கூடுதல் கவனம் வேண்டும்.

சிலிண்டர், கருவி, ரிங் மூன்றையும் ஒரே மேசையில் நீண்ட நேரம் வைத்து ஒரே சூட்டுக்கு வரவிடுவதே எளிய தீர்வு. ரிங்கைக் கையில் வெகுநேரம் பிடித்திருப்பதும் கூடாது.

பூஜ்யம் வைப்பது வேறு, அளவுத்திருத்தம் வேறு

பூஜ்யம் வைப்பது ஒவ்வொரு வேலைக்கும் முன்பு பட்டறையிலேயே செய்வது. ‘கேலிபிரேஷன்’ எனப்படும் அளவுத்திருத்தம் ஆய்வுக்கூடத்தில் நடப்பது. முனை முழுத் தூரமும் நகரும்போது டயல் சரியாகக் காட்டுகிறதா, திரும்பத் திரும்ப ஒரே எண் வருகிறதா, வழிகாட்டித் தகடு கருவியை நடுவில் நிறுத்துகிறதா என்று அங்கு சோதிப்பார்கள். செட்டிங் ரிங்கின் உண்மையான விட்டத்தையும் அளந்து சொல்வார்கள்.

சிங்கப்பூரில் இத்தகைய ஆய்வுக்கூடங்களுக்குச் சிங்கப்பூர் அங்கீகார மன்றம், ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரத்தின்படி அங்கீகாரம் தருகிறது. நாட்டின் அளவீடுகளுக்கு ஆதாரமாக இருப்பது ஏ*ஸ்டார் அமைப்பின் தேசிய அளவியல் நிலையம். அதற்கும் மேலே இருப்பது மீட்டரின் வரையறை. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரமே ஒரு மீட்டர். காக்கி புக்கிட் மேசையில் இருக்கும் ரிங் வரை அந்தச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் கோப்பில் வைத்துவிடக்கூடாது. ரிங்கில் 54 என்று பொறித்திருந்தாலும் சான்றிதழில் 54.002 என்று இருந்தால், சான்றிதழில் உள்ளதையே கணக்கில் எடுக்க வேண்டும். அந்த அளவில் எவ்வளவு ஐயப்பாடு உண்டு என்பதும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது என்பதைப் பயன்படுத்துவோரே முடிவுசெய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை என்பது பரவலான வழக்கம். ஆனால் கருவி கீழே விழுந்துவிட்டால் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே சோதிக்க வேண்டும்.

வண்டியை ரீபோர் வேலைக்குக் கொடுப்போர் பட்டறையில் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: எதை வைத்துப் பூஜ்யம் வைத்தீர்கள்? ஆறு அளவுகளையும் எழுதித் தருவீர்களா? வேலை தெரிந்தவருக்கு அந்தக் கேள்விகள் கோபம் தராது. அவர் அந்த எண்களை ஏற்கெனவே குறித்து வைத்திருப்பார்.